ஒகேனக்கல் குழாயும் கொழும்பின் கடன் பத்திரமும்

தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் குழாயைத் திறந்தால் வருகிற ஒகேனக்கல் தண்ணீர் ஜப்பான் கொடுத்த கடனில் வந்தது. 2008 மார்ச்சில் அந்தக் கடனின் முதல் பகுதிக்கு, சுமார் 2,200 கோடி யென்னுக்கு, கையெழுத்தானது. அதற்கு ஐந்து மாதம் முந்தி, 2007 அக்டோபரில், இலங்கை அரசு முதல் தடவையாகப் பன்னாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்றது. தொகை 50 கோடி டாலர், வட்டி 8.25 சதவீதம், தவணை ஐந்து ஆண்டு. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் இரண்டு அரசுகள் வெளிநாட்டுப் பணத்தை வாங்கின. 2022 கோடையில் இங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

இவ்விரண்டையும் அருகருகே வைப்பது பொருந்தாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்லக்கூடும். ஒன்று மாநிலம், மற்றது நாடு. ஒன்று குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கென வாங்கியது, மற்றது பொதுக் கருவூலத்துக்கென வாங்கியது. அந்த வேறுபாடுகளைப் பார்ப்பதற்காகவே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். பட்ஜெட் வந்த மறுநாள் நம் ஊரில் எல்லோரும் பேசுவது 'தலைக்கு எவ்வளவு கடன்' என்ற ஒரே எண்ணைத்தான். 2021 ஆகஸ்டில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்ற எண்தான் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. எதற்காக வாங்கினோம், எந்த நாட்டு நாணயத்தில் வாங்கினோம், திருப்பிக் கட்டும் காசு எங்கிருந்து எப்போது வரும் என்ற கேள்விகள் போய்ச் சேரவில்லை. ஒரு அரசு கடனால் நிமிர்வதும் முறிவதும் இந்தக் கேள்விகளுக்கு வாங்குகிற அன்றே விடை வைத்திருந்ததா என்பதைப் பொறுத்தது.

தண்ணீருக்கு வாங்கியது

தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கடினப் பாறை இடுக்குகளில் தேங்கும் நீர் பாறையின் தாதுவைக் கரைத்துக்கொள்கிறது. போர் ஆழமாகப் போகப் போக நிலைமை மோசமாகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைக் காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரங்களில் பல கிணறுகள் தாண்டின. குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். அதே தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகும். கறை படிந்த பல்லுக்காகப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப்போன கதைகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. குடிக்கிற தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

அந்த மாற்றுத் தண்ணீர் மேற்கே காவிரியில் இருந்தது. தமிழகத்தின் பங்கிலிருந்து 1.4 டி.எம்.சி. குடிநீருக்காக எடுத்துக்கொள்ள 1998இல் மத்திய அரசின் முன்னிலையில் வழி பிறந்தது. பத்தாண்டு கழித்து, 2008 தொடக்கத்தில், 1,334 கோடி ரூபாய் மதிப்பீட்டில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே தேர்தல் முடியும் வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக ஏப்ரலில் அறிவித்தார். பிறகு வேலை நடந்தது, ஆட்சி மாறியது, வேலை நிற்கவில்லை. 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது செலவு 1,928.80 கோடியாகியிருந்தது. ஒரு கட்சி கையெழுத்திட்ட கடனை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து வேலையாக முடித்துக் கொடுத்தது. இரு கட்சிகளும் யாருக்குப் பெருமை என்று சண்டை போட்டன என்றாலும், கடனின் நோக்கம் நடுவில் மாறவில்லை. பொதுக்கடன் பற்றிய பேச்சில் இதற்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். ஐந்தாண்டு ஆட்சி முப்பதாண்டுக் கடனை வாங்குகிறது. அடுத்து வருகிறவர் அதைத் தன் கடனாக ஏற்காவிட்டால் கையெழுத்துக்கு என்ன பொருள்?

கடனின் தன்மையைப் பார்ப்போம். கொடுத்தது அன்றைய ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கி. 2008 அக்டோபருக்குப் பின் அந்தப் பொறுப்பு ஜப்பானின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைகாவிடம் வந்தது. ஆண்டு வட்டி 2 சதவீதத்துக்கும் குறைவு. தவணை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. முதல் சில ஆண்டுகள் அசல் கட்ட வேண்டியதில்லை. குழாய் பதித்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் கட்டி, ஊர் ஊராகத் தொட்டி எழுப்பித் தண்ணீர் வருகிற வரை கடன்காரர் காத்திருப்பார். குழாயின் ஆயுளும் கடனின் ஆயுளும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. முப்பது ஆண்டு உழைக்கும் சொத்துக்கு ஐந்தாண்டுக் கடன் வாங்குகிறவர் நான்காம் ஆண்டிலேயே அடுத்த கடன்காரரைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கடனிலும் ஒரு முள் இருக்கிறது. 2005க்குப் பிறகு வெளிநாட்டுக் கடன்களை மத்திய அரசு வாங்கிய நிபந்தனையிலேயே மாநிலங்களுக்குத் தருகிறது. நாணய மாற்றில் வரும் ஏற்ற இறக்கமும் மாநிலத்தின் தலையில்தான். 2008இல் 100 யென் சுமார் 40 ரூபாய். 2012இல் அது 65 ரூபாயைத் தாண்டியது. அண்மை ஆண்டுகளில் 55 ரூபாயைச் சுற்றி நிற்கிறது. வட்டி சொற்பம் என்று மகிழ்ந்தாலும் அசல் ரூபாய்க் கணக்கில் தானாக வளர்ந்திருக்கிறது. காரிமங்கலத்துக்காரர்கள் தண்ணீர்க் கட்டணத்தை யென்னில் கட்டுவதில்லை. ஜப்பானியக் கடன் மலிவு என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருப்பிக் கட்டும் காசு எங்கிருந்து வருகிறது? தண்ணீர்க் கட்டணத்திலிருந்து இல்லை என்பது ஊரறிந்தது. ஆற்றிலிருந்து மேட்டுக்கு நீரை ஏற்றும் மின்செலவுக்கும் பராமரிப்புக்குமே உள்ளாட்சிகள் வசூலிக்கும் தொகை போதுவதில்லை. அதனால் இந்தக் கடன் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தலைமுறையின் எலும்பு நேராக இருப்பது கருவூலத்தில் ரசீதாக வராது, ஆனாலும் அது சொத்துதான். ஆனால் தண்ணீர் தன் கடனைத் தானே கட்டாது என்றால் வரி கட்ட வேண்டும். அந்த வரியைப் போட அரசுக்குத் துணிவு இருக்கிறதா என்பதில்தான் கதை கொழும்புக்குப் போகிறது.

டாலருக்கு வாங்கியது

2007இல் இலங்கையில் போர் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தலா வருமானம் உயர்ந்துவிட்டதால் உலக வங்கி, ஜப்பான் போன்றோரின் குறைந்த வட்டிக் கடன்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன. அந்த இடைவெளியைச் சந்தைப் பத்திரத்தால் நிரப்பலாம் என்று அரசு முடிவெடுத்தது. அன்றைய எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி கடுமையாக எதிர்த்தது. பத்திரம் விற்றுத் தீர்ந்தது.

சந்தைப் பத்திரத்தின் இயல்பு வேறு. எந்தக் குழாய்க்கு, எந்தப் பள்ளிக்கு என்று அது கேட்பதில்லை. வட்டி நாள் தவறாமல் வந்தால் போதும். தவணை முடியும் நாளில் அசல் முழுவதும் ஒரே தொகையாகக் கட்டப்பட வேண்டும். முதல் பத்திரத்தின் தவணை 2012 அக்டோபரில் முடிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2012 ஜூலையில், 100 கோடி டாலருக்குப் பத்தாண்டுப் பத்திரம் ஒன்றை இலங்கை விற்றது. பழையதை அடைக்கப் புதியது, புதியதை அடைக்க இன்னும் பெரியது என்று பாதை நீண்டது. அந்தப் பத்தாண்டுப் பத்திரம் 2022 ஜூலையில் முதிர வேண்டும். அதற்குள் நாடே தவணை தவறிவிட்டது.

இலங்கையின் வீழ்ச்சி என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தையே சொல்கிறார்கள். 2007இல் சீன எக்சிம் வங்கியிடம் 30.7 கோடி டாலரை 6.3 சதவீத வட்டிக்கு வாங்கித் தொடங்கிய துறைமுகம் அது. கப்பல் வரவில்லை. 2017இல் 112 கோடி டாலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. மோசமான திட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குத்தகைப் பணம் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை, டாலர் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போனது. கையிருப்பு ஏன் தள்ளாடியது? பத்திரத் தவணைகளால். 2022இல் கணக்குப் பார்த்தபோது சந்தைப் பத்திரங்கள் அரசின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தன. சீனாவின் பங்கு அதைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரிகிற துறைமுகத்தின் மேல் பழி விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத பத்திரம் தப்பித்துக்கொண்டது.

கடன் மட்டுமே இலங்கையைக் கவிழ்த்துவிடவில்லை. 2019 நவம்பரில் பதவிக்கு வந்த கோத்தாபய ராஜபக்ச அரசு, வந்த கையோடு வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் குறைத்தது. வேறு பல வரிகளையும் நீக்கியது. மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டே 8 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கொரோனா வந்து சுற்றுலா நின்றது. தரநிர்ணய நிறுவனங்கள் மதிப்பைக் குறைத்ததும் பத்திரச் சந்தையின் கதவு மூடிக்கொண்டது. 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்குத் தடை வந்து வயலும் சரிந்தது.

எனக்கு மிகவும் உறுத்துவது 2022 ஜனவரி 18ஆம் நாள். அன்று 50 கோடி டாலர் பத்திரம் ஒன்று முதிர்ந்தது. டீசலுக்கும் மருந்துக்கும் டாலர் தட்டுப்பாடு தொடங்கிவிட்ட நேரம். பொருளியலாளர்கள் பலர், கட்டாதீர்கள், இப்போதே கடன்காரர்களுடன் உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள். அரசு முழுத் தொகையையும் கட்டியது. நாட்டின் நற்பெயரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டது. மூன்று மாதம் கூட ஆகவில்லை, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அதே அரசு அறிவித்தது. பொறுப்பாகக் கடனை நிர்வகிப்பது என்றால் எப்பாடுபட்டாவது நாள் தவறாமல் கட்டுவது என்று நினைக்கிறோம். கட்ட முடியாது என்று தெரிந்த அன்றே அதைச் சொல்வதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தது. அதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மருத்துவமனைகள் விலை கொடுத்தன.

பிறகு நடந்தவற்றை நம் கரையிலிருந்தே பார்த்தோம். 2022 மார்ச்சில் தனுஷ்கோடியில் குழந்தைகளுடன் படகில் வந்து இறங்கினார்கள், இம்முறை குண்டுக்குப் பயந்து இல்லை, விலைவாசிக்குப் பயந்து. மே 18ஆம் நாள் வட்டித் தவணையின் சலுகைக் காலம் முடிந்து இலங்கை முறைப்படி தவணை தவறிய நாடானது. அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்துடன் தமிழ்நாட்டு அரசின் முதல் கப்பலை முதல்வர் ஸ்டாலின் அனுப்பிவைத்தார். செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை எட்டியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதல் பெற்றது.

கடனை மறுசீரமைத்தபோது உள்நாட்டில் யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வங்கிகள் வைத்திருந்த ரூபாய்ப் பத்திரங்களைப் பெரும்பாலும் தொடாமல் விட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியம் வைத்திருந்த பத்திரங்கள் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் ஓய்வுக்காலச் சேமிப்பும் அந்த நிதியத்தில்தான் இருக்கிறது. கொழும்பில் யாரோ போட்ட கையெழுத்துக்கு அவருடைய முதுமை ஈடாகப் போனது. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

சட்டம் இல்லாததால் இலங்கை கெட்டது என்று சொல்ல முடியாது. 2003இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும், கடன் 2013க்குள் 60 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்று அதில் இருந்தது. 2013 வந்ததும் இலக்கை 2020க்குத் தள்ளித் திருத்தினார்கள். தமிழ்நாடும் அதே 2003இல்தான் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிக்க வேண்டும், நிதிப் பற்றாக்குறை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று எழுதிவைத்தது. நாமும் காலக்கெடுவைப் பலமுறை திருத்தியிருக்கிறோம். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சட்டங்கள், இரண்டுக்கும் ஒரே பழக்கம்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? வேலியில். அரசியலமைப்பின் 293ஆம் பிரிவின்படி, மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் அதன் ஒப்புதல் இன்றிப் புதுக்கடன் வாங்க முடியாது. வெளிநாட்டில் நேரடியாகக் கடன் வாங்கவும் முடியாது. ஆண்டுதோறும் டெல்லி உச்சவரம்பு போடுகிறது. தமிழ்நாட்டின் கடனில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கி ஏலம் விடும் மாநிலப் பத்திரங்களில் இருக்கிறது, அவை ரூபாயில் இருக்கின்றன. அவற்றை வாங்குவோர் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், சேமநல நிதிகள். வட்டி ஏழு சதவீதம் என்றாலும் அது ஏறக்குறைய இந்த நாட்டுச் சேமிப்பாளர்களுக்கே போகிறது. டாலர் கையிருப்பு தீர்ந்து தமிழ்நாடு கவிழ வழியில்லை. கொழும்புக்கு அப்படி ஒரு வேலி இல்லை. மத்திய வங்கியும் அரசு கேட்கும்போதெல்லாம் பணத்தை அச்சடித்துத் தந்தது. அதைத் தடுக்கும் மத்திய வங்கிச் சட்டம் 2023இல்தான் வந்தது.

இந்த வேலி நமக்கு வலிக்கவும் செய்கிறது. 63,246 கோடி ரூபாயில் சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தை மாநிலத் திட்டமாகவே வைத்திருந்த காலத்தில், அதற்கான ஜைகா உள்ளிட்ட கடன்கள் தமிழ்நாட்டின் வரம்பைத் தின்றன. வேறு பணிகளுக்குக் கடன் வாங்கும் இடம் சுருங்கியது. 2024 அக்டோபரில்தான் மத்திய அமைச்சரவை அதை மத்திய அரசின் திட்டமாக ஏற்று ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டுகளின் இழுபறியில் நியாயம் தமிழ்நாட்டின் பக்கம் இருந்தது என்பதே என் கருத்து. வரம்பு வேண்டும், ஆனால் வரம்பைப் போடுகிறவர் தன் கடமையைச் செய்யாமல் மாநிலத்தின் வரம்பைச் சுருக்குவது முறையில்லை.

அதே ஜைகா கொழும்புக்கும் ஒரு இலகு ரயில் பாதைக்குக் கடன் கொடுத்தது. வட்டி 0.1 சதவீதம். 2020 செப்டம்பரில் கோத்தாபய அரசு அத்திட்டத்தைத் தன்னிச்சையாக ரத்து செய்தது. ஒகேனக்கலில் ஆட்சி மாறியும் கடனின் நோக்கம் மாறாமல் நின்றதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவணை தவறிய பிறகு கட்டுநாயக்க விமான நிலைய விரிவாக்கம் உட்பட ஜப்பானியக் கடனில் நடந்த பணிகள் பாதியில் நின்றன. 2024 ஜூலையில்தான் ஜப்பான் 11 திட்டங்களுக்கு மறுபடியும் பணம் விடத் தொடங்கியது. நாட்டின் கடன் நாணயம் கெட்டால் முதலில் நிற்பது மக்களுக்குத் தேவையான வேலைதான்.

யாழ்ப்பாணத்தின் தண்ணீரும் இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கேயும் சுண்ணாம்புக்கல் தரையின் கிணறுகள் உப்பாகியும் உரக்கழிவு கலந்தும் கெட்டன. 2010இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுடன் யாழ்ப்பாணம் - கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. கிளிநொச்சி விவசாயிகள் எங்கள் பாசன நீர் போய்விடும் என்று எதிர்த்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. திட்டம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையாக மாறியது. தாளையடியில் அந்த ஆலை 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. கடன் ஒப்புதலிலிருந்து பதினான்கு ஆண்டு. ஒகேனக்கலில் ஐந்து ஆண்டு. கையெழுத்துப் போடும் முன்பே யாருடைய தண்ணீரை யாருக்கு என்று பேசித் தீர்க்காவிட்டால் கடனுக்கு வட்டியும் மக்களுக்குத் தாகமும் சேர்ந்தே வளரும்.

நாம் எங்கே சாய்கிறோம்

ஒப்பீட்டை இத்துடன் நிறுத்தினால் தமிழ்நாட்டுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாக ஆகிவிடும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

2025-26 பட்ஜெட்டின்படி 2026 மார்ச் இறுதியில் மாநிலத்தின் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாய், மாநில உற்பத்தியில் 26.07 சதவீதம். இந்த விகிதம் என்னைப் பயமுறுத்தவில்லை. பயமுறுத்துவது அதே பட்ஜெட்டில் உள்ள இன்னொரு எண். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. நிதிப் பற்றாக்குறையாகக் காட்டும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய், குழாயாகவோ பள்ளிக் கட்டடமாகவோ மாறாமல், சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனுக்கு வட்டி என்று அந்த ஆண்டிலேயே தீர்ந்துபோகிறது. வட்டிக்கு மட்டும் 70,000 கோடியை ஒட்டிப் போகிறது, அதாவது வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தமிழ்நாடு கடைசியாக வருவாயில் உபரி காட்டியது 2012-13இல். ஒகேனக்கல் தண்ணீர் வந்த 2013-14ஆம் நிதியாண்டில்தான் வருவாய்ப் பற்றாக்குறை திரும்பி வந்தது. அதற்குப் பின் அது போகவே இல்லை.

வரியிலும் கொழும்பின் சாயல் தெரிகிறது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாநில உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்த சொந்த வரி வருவாய், 2021 வெள்ளை அறிக்கை வந்தபோது 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் மாநிலத்தின் கையில் வரிகள் குறைந்துவிட்டன என்பது உண்மை. டெல்லி தரும் பங்கு சுருங்குகிறது என்ற குறையும் உண்மை. ஆனால் சொத்து வரி, வாகன வரி, முத்திரைத் தீர்வை, மின்கட்டணம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருந்துவிட்டுத் தேர்தலுக்குத் தேர்தல் புதுச் செலவுகளை அறிவித்தது இரு கழக ஆட்சிகளும்தான்.

மறைந்திருக்கும் கடனும் உண்டு. மின்வாரியத்தின் நட்டம் பல ஆண்டுகள் பட்ஜெட் ஏட்டுக்கு வெளியே வளர்ந்தது. 2017 ஜனவரியில், மின்வாரியங்களின் கடனைச் சீர்செய்யும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது அதன் கடனில் 22,815 கோடியை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் டாலர் கடனைக் கடைசியில் திறைசேரிதான் ஏற்க நேர்ந்தது. வாரியம் வாங்கியதுதானே, அரசு வாங்கியதில்லையே என்று கணக்குக் காட்டலாம். கட்டுகிறவர்கள் அதே மக்கள்தான்.

ஆகவே நம்மை இதுவரை காத்தது நம்முடைய ஒழுங்கு என்று நான் நம்பவில்லை. நம்மைக் காத்தவை ரூபாயும், ரிசர்வ் வங்கியும், டெல்லியின் வரம்பும்தான். வேலிக்கு உள்ளே பயிர் காய்ந்தால் வேலி என்ன செய்யும்? கவிழ மாட்டோம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வட்டி கொஞ்சம் கூட, பள்ளிக்கும் சாலைக்கும் உள்ள பங்கு கொஞ்சம் குறைய, கண்ணுக்குத் தெரியாமல் தேய்வோம்.

தர்மபுரி மாவட்டத்துக்கு வேறு ஒரு கடன் வரலாறும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது 1989இல் இந்த மாவட்டத்தில்தான். அதற்குப் பணம் தந்ததும் ஒரு வெளிக்கடன், ஐ.நா. அமைப்பான சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடன். காரிமங்கலம் பக்கத்துக் குழுக்களில் ஒரு பெண் கடன் கேட்டால், எதற்கு, எத்தனை தவணை, எதை விற்றுக் கட்டுவாய் அக்கா என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அரசை ஒரு குடும்பத்தோடு ஒப்பிடக்கூடாது என்பதை நான் ஏற்கிறேன். அரசு சாவதில்லை, பழைய பத்திரத்தைப் புதுப் பத்திரத்தால் மாற்றலாம், வரி விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் எல்லோர் முன்னாலும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குவது என்ற அந்த ஒழுங்கு அரசுக்குப் பொருந்தாது என்று யாரும் எனக்கு நிரூபித்ததில்லை. இலங்கையும் பட்ட பிறகு 2024இல் பொதுக்கடன் முகாமைத்துவச் சட்டம் கொண்டுவந்து, கடனை எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்து, கணக்கை வெளியே சொல்லும் கடமையை அதற்கு வைத்தது.

ஒகேனக்கல் திட்டத்தின் அடுத்த கட்ட விரிவாக்கம் பல ஆயிரம் கோடி ரூபாய் மதிப்பில் பேசப்படுகிறது. மக்கள்தொகை கூடிவிட்டது, கடைமடை ஊர்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வருகிறது. விரிவாக்கம் தேவை. அதற்குக் கடன் வாங்குவதும் சரி. கையெழுத்தாகும் முன் அந்தக் கடனின் தொகை, நாணயம், வட்டி, தவணை, நாணய மாற்று இழப்பை யார் ஏற்பது, ஆண்டுதோறும் எந்த வருவாயிலிருந்து கட்டுவது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, காரிமங்கலம் பேரூராட்சி அலுவலகத்திலும் ஒன்றியத்தின் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்ட வேண்டும். அரசு தானாக ஒட்டாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேளுங்கள், கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.